முதுகில் ஒரு தாள்

"ஆடாம நில்லுட்டி, குத்திரும்" என்றாள் இசக்கி, வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டே. ஹெப்சிபா ஆடாமல்தான் நின்றாள். குத்தினால் குத்தட்டும் என்றுகூட இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் வந்தால் போதும், "ஐயோ சிஸ்டர்" என்று கத்திவிட்டு முதலுதவிப் பெட்டி இருக்கிற அறைக்குப் போய், இந்தக் கூத்து முடிகிறவரை பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இசக்கி குத்துகிறவளா? சுடிதார்த் துணியை மட்டும் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, தாளின் இரண்டு மூலையிலும் ஊக்கை மாட்டி, "முடிஞ்சு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டு ஹெப்சிபாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதமாக இசக்கி செய்கிற எதுவுமே பிடிக்கவில்லை. நேற்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் போட்டு வைத்தது பிடிக்கவில்லை. காலையில் "ஒனக்கும் சேத்து வாங்கிட்டேன்" என்று இட்லித் தட்டை நீட்டியது பிடிக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், அடித்தால் அழுதாவது தொலைக்கலாம். இவள் இட்லி வாங்கி வைக்கிறாள். என்ன ஜென்மமோ. சட்னிகூட மறக்கவில்லை, காரம் வேண்டாம் என்று தேங்காய்ச் சட்னியாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம். மாணவர் பேரவைக்குப் புதிதாக வந்த இருபது பெண்களையும் கல்லூரி இங்கே, விடுதி வார்டன் சிஸ்டர் காவலில், ஓட்டிக்கொண்டு வந்திருந்தது, இரண்டு நாளில் தலைமைப் பண்பு வளர்ந்துவிடும் என்று. நேற்று முழுக்க 'உனக்குள் நீ'. கண்ணை மூடு, மூச்சை இழு, உள்ளே போ, யார் இருக்கிறார்கள் என்று பார். ஹெப்சிபா உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்று கொட்டாவி விட்டாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு 'நாம் என்கிற வீடு'. பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வந்திருக்கிற கிங்ஸ்லி சார், கழுத்தில் தொங்குகிற விசிலை நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நம்மால பாக்கவே முடியாத எடம் எது? முதுகு! அடுத்தவங்க சொன்னாத்தான் உண்டு" என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி. எல்லார் முதுகிலும் ஒரு தாள். எல்லாரும் எல்லார் முதுகிலும் எழுத வேண்டும். நல்லதும் எழுதலாம், திருத்திக்கொள்ள வேண்டியதும் எழுதலாம், பெயர் மட்டும் போடக்கூடாது. பிறகு வட்டமாக உட்கார்ந்து அவரவர் தாளை அவரவரே வாசிக்க வேண்டும். "சத்தமா. ஒண்ணு விடாம. தலைவிதான் மொதல்ல" என்று ஹெப்சிபாவைப் பார்த்துச் சிரித்தார். தலைவி! ஓட்டு விழுந்து வந்த தலைவியா? எதிர்த்து நின்றவளின் மனுவைத் தள்ளுபடி செய்ததால் வந்த தலைவி. எதிர்த்து நின்றவள்தான் இப்போது ஊக்கு குத்திவிட்டுப் போகிறாள், விடுதியின் கீழ்த்தளப் பிரதிநிதியாக. அந்தத் தளத்துப் பிள்ளைகள் இசக்கிதான் வேண்டும் என்று கையைத் தூக்கிவிட்டார்களாம்.

விசில் ஊதியாயிற்று. சார் கொடுத்த ஸ்கெட்ச் பேனாவில் ஒன்று குறைந்தது, இசக்கி தன்னுடையதை ஓர் இரண்டாம் வருடக்காரியிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டாள். அதையும் ஹெப்சிபா பார்த்தாள், அதுவும் பிடிக்கவில்லை. முதுகில் முதல் பேனா ஊர்ந்தது. கூச்சமாக இருந்தது, யார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. என்னத்தை எழுதிவிடப் போகிறார்கள், 'நல்ல தலைவி', 'நல்ல குரல்', 'இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம்'. பயந்தாங்கொள்ளிகள். இவளும் அதைத்தான் செய்தாள். போகிற வருகிற முதுகிலெல்லாம் 'நல்ல பண்பு' என்று எழுதிக்கொண்டே போனாள். எவளுக்குப் பண்பு இருக்கிறது, எவளுக்கு இல்லை என்று யார் கண்டது, வாசிக்கும்போது அவளவளுக்குக் குளிரத்தான் செய்யும். இரண்டாவது பேனா, மூன்றாவது பேனா. ஒருத்தி எழுதும்போதே சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள்? தெரிந்துவிட்டதோ? யாருக்குத் தெரியும், யாருக்கும் தெரியாது, இடது கையால் எழுதின துண்டுச்சீட்டு, ஆலோசனைப் பெட்டிக்குள் போட்ட சீட்டு, வெள்ளிக்கிழமை வார்டன் சிஸ்டர் பூட்டைத் திறந்து எடுத்திருப்பார், படித்திருப்பார், கிழித்துப் போட்டிருப்பார். கிழித்திருப்பாரா? அலமாரியில் வைத்திருந்தால்? வைத்திருக்கட்டும், இடது கை எழுத்தை யார் கண்டுபிடிப்பது. எழுத்தில் தப்பு இல்லை. தப்பு எழுதின விஷயத்தில். ஒரே ஒரு வார்த்தை கூடுதலாக எழுதிவிட்டாள். 'பதினாலாம் நம்பர் அறை இசக்கியம்மாள் போன் வைத்திருக்கிறாள்.' அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினாளா? ஒரு வேலையைத் தொட்டால் சுத்தமாக முடிக்காவிட்டால் ஹெப்சிபாவுக்குத் தூக்கம் வராது. 'சோப்புத்தூள் டப்பா' என்று சேர்த்து எழுதினாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது மாதிரி, இந்தச் சுத்தக்காரி அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் அந்த டப்பா விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். விடுதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் போனை ஒப்படைத்துவிட வேண்டும், பிறகு வீட்டுக்குப் பேச வேண்டுமானால் ஆபீஸ் போனில் பத்து நிமிஷம். இசக்கியின் தங்கை கோமுவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஆபீஸ் போனை வைத்துக்கொண்டு அவளிடம் என்ன பேசுவது? முகம் தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும். அதற்காகப் பழைய போன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நீல டப்பாவில் சோப்புத்தூளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். "ஒன்ட்ட மட்டுந்தான் சொல்லுதேன்" என்றாள். ஹெப்சிபா ஒரு தடவை அந்தப் போனில் கோமுவைப் பார்த்திருக்கிறாள். சின்ன முகம், முன்பல் ஒன்று இல்லை, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டது, இசக்கி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒம் மூக்கு ஏன் இவ்வளவு பெருசுன்னு கேக்கா" என்றாள். அந்த மூக்கு இப்போது எரிகிறது, கண்ணும் சேர்ந்து எரிகிறது, வேண்டாம், அழக்கூடாது. எதற்கு அழ வேண்டும், தப்பு செய்தவள் அவள்தானே, விதி என்றால் எல்லாருக்கும் விதி. இதை இரண்டு மாதமாகத் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். விதிமேல் அவ்வளவு பக்தி இருந்திருந்தால், மனு போடுவதற்கு முந்தின ஒன்றரை வருடமும் அந்தப் பக்தி எங்கே போயிருந்தது என்ற கேள்வி மட்டும் கூடவே வரும். ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்துதான் எழுதினாள். பெரிய மூக்கு, பெரிய மார்க்கு, யாருக்கும் பிடிக்காத முகம். இசக்கி வராந்தாவில் நடந்தால் பத்துப் பேர் கூட நடக்கிறார்கள். வார்டன் சிஸ்டர் அறையைச் சோதிக்க வந்த அன்றைக்கு அலமாரியைத் திறக்கவில்லை, மெத்தையைத் தூக்கவில்லை. அன்று சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டே இசக்கி சொன்னாள், "நேரா டப்பாக்குள்ள கைய விட்டாவட்டி." அவ்வளவுதான். மனு தள்ளுபடி, விடுதியை விட்டு இரண்டு வாரம் நீக்கம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஹெப்சிபாவை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியாதென்றால் இவளைவிட மண்டு ஊரில் உண்டா? இரண்டுக்குமாகச் சேர்த்து ஹெப்சிபா அவளை வெறுத்தாள்.

ஏழாவது பேனா. எட்டாவது. எட்டாவது பேனா முதுகுத்தண்டின்மேல் வந்து, எழுதாமல், சும்மா நின்றது. அப்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் எழுதினால் வெறும் கூச்சம், என்ன எழுத்து என்று புரியாது. இந்தக் கை எழுதினால் மட்டும் இவள் முதுகுக்கு வாசிக்கத் தெரியும். கோமுவின் முதுகில் விரலால் எழுதி எழுதிப் பழகினவள் இசக்கி. முதல் வருடம், பேசக்கூடாத படிப்பு நேரத்தில், பின் பெஞ்சிலிருந்து பேனா மூடியால் ஹெப்சிபாவின் முதுகில் எழுதுவாள். 'இன்னைக்கும் உப்புமா.' 'சிஸ்டர் தூங்குதாவ.' 'கணக்கு விளங்கல.' விளங்கினால் இவள் தலையாட்ட வேண்டும். மணி அடிக்கும்போது கடைசியாக 'சரி' என்று எழுதுவாள். சரி என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அதற்குமேல் எழுதுவதில்லை. அடுத்த வாரம் இடம் மாறி உட்காருவார்கள். வீட்டை விட்டு வந்த முதல் மாதம், ராத்திரிச் சாப்பாடு தொண்டையில் இறங்காத அந்த மாதத்தை, இந்த முதுகு வழியாகத்தான் ஹெப்சிபா கடந்தாள். இப்போது அதே கை. முதலில் ஒரு கொம்பு. பிறகு ச. பிறகு ஒரு கால். அழுத்தி, பெரிதாக, மெதுவாக, கோமுவுக்கு எழுதுவதுபோல் எழுதினாள். ப, அதன் தலையில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளி நறுக்கென்று இறங்கியது. மறுபடி ப, கீழே ஒரு கோடு. த, புள்ளி. வேண்டாம் இசக்கி, வேண்டாம், போதும், விளங்கிவிட்டது, தலையாட்டட்டுமா, தலையாட்டினால் நிறுத்துவாயா? தூ. ள. கடைசிப் புள்ளி. சோப்புத்தூள். பேனா எடுபட்டது. பின்னால் செருப்புச் சத்தம் அடுத்த முதுகுக்கு நகர்ந்தது, அங்கே போய் இசக்கி யாரிடமோ "ஏ, கூசுதா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. டப்பாக்குள்ள கைய விட்டாவட்டி என்று சொன்ன அந்த நிமிஷமே. இட்லி வாங்கும்போதும் தெரியும், ஜன்னலோரம் இடம் போடும்போதும் தெரியும், நீ வாயைத் திறந்து சொல்லுகிறாயா பார்ப்போம் என்று இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறாள், கள்ளி. இப்போது அந்தத் தாளை எல்லாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். சோப்புத்தூள் என்றால் எல்லாரும் சிரிப்பார்கள், சார் என்ன அர்த்தம் என்று கேட்பார், அங்கேயே வார்டன் சிஸ்டரும் உட்கார்ந்திருப்பார், அந்த டப்பாவுக்குள் கையை விட்டவர். சீட்டில் இருந்த அதே வார்த்தை. சிஸ்டர் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டத் தெரியாதவரா? தலைவி பதவி போகும். போனால் போகட்டும், இல்லை, போகக்கூடாது, அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பதவிகூட இல்லை, இந்த இருபது முகமும் திரும்பிப் பார்க்குமே, கூட இருந்தே குழி பறித்தவள் என்று, அதைத் தாங்க முடியாது. தாளைக் கிழித்துவிடலாமா? குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிற்று என்று சொல்லலாமா? இந்த ஊர்க் குரங்குகள் கையிலிருக்கிற தின்பண்டத்தைத்தான் பிடுங்கும், தாளைப் பிடுங்குமா? வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. சாரல்! ஸ்கெட்ச் பேனா மை தண்ணீர் பட்டால் நிற்காது. மிச்சப் பதினொரு பேனாவும் எழுதி முடிக்கிறவரை நின்றுவிட்டு, வராந்தாவுக்கு எட்டே எட்டு எடுத்து வைத்தாள், ஓட்டு விளிம்புக்கு வெளியே முதுகை நீட்டி, மலையைப் பார்க்கிறவள் மாதிரி கைப்பிடிச் சுவரைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். மலையைப் பார்க்கிறவள் முகத்தையல்லவா மலைப்பக்கம் வைத்திருக்க வேண்டும், அது தோன்றவில்லை. குளிர்ந்த தண்ணீர் கழுத்தில் விழுந்து, தாளில் விழுந்து, தாள் சுடிதாரோடு ஒட்டியது. கழுவு, நல்லாக் கழுவு என்று சாரலைக் கெஞ்சினாள். "எக்கா, நனையுதியே" என்று ஒரு சின்னவள் கத்த, "தலைவி, உள்ள வாங்க, வட்டம் போட்டாச்சு" என்று சார் விசில் ஊதினார்.

வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சார் ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம். இசக்கி நேர் எதிரே. பக்கத்திலிருந்தவள் ஊக்கைக் கழற்றி, ஈரத் தாளை ஹெப்சிபாவின் மடியில் வைத்தாள். பார்த்தாள். நீலமும் பச்சையும் சிவப்புமாக எல்லா மையும் கலங்கி ஓடியிருந்தது. நல்ல தலைவியும் போய்விட்டாள், நல்ல குரலும் போய்விட்டது, பத்தொன்பது பேர் எழுதினதில் பதினெட்டு பேர் எழுதினது ஒரு வரி மிச்சமில்லை. நட்டநடுவில், கறுப்பில், எறும்பு கடித்த அளவுகூட அழியாமல், ஒரே ஒரு வார்த்தை நின்றது. பால்பாயின்ட். தன் கண்ணாலேயே பார்த்தாளே, பையிலிருந்து எடுத்ததை. பார்த்துமா மறந்தாள்? மற்றது அத்தனையும் இருந்திருந்தால் நடுவில் ஒளித்து, வேகமாக, ஒரு மூச்சில் வாசித்துக் கடந்திருக்கலாம். இவளே கழுவிக் கழுவி அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறாள். "எல்லாம் அழிஞ்சு போச்சு சார்" என்றாள். "பரவால்ல, எது தெரியுதோ அத வாசிங்க." "ஒண்ணும் தெரியல." "அந்தா நடுவுல தெரியுதே எக்கா" என்றாள் பக்கத்துக் குரங்கு. மலையிலிருக்கிற குரங்கே தேவலை. ஹெப்சிபா வாசித்தாள். "சோப்புத்தூள்." வட்டம் முழுக்கச் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அதற்கு என்ன அர்த்தம்? சும்மாகூட இருக்கலாம், சிஸ்டர் எப்போதும் அப்படித்தான், இல்லை, இப்போது என்னைத்தான் பார்க்கிறார். "இது என்னம்மா புதுசா இருக்கு? யாரு எழுதினது? சொல்ல இஷ்டம்னா சொல்லலாம்" என்றார் சார். "நாந்தான் சார்" என்றாள் இசக்கி, கையைத் தூக்கிக்கொண்டு. "அவளுக்கு வெளங்கும்."

எல்லாரும் ஹெப்சிபாவைப் பார்த்தார்கள். இசக்கியும் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருக்கும், இளக்காரம் இருக்கும், மாட்டினாயா என்ற குரூரம் இருக்கும் என்று தேடினாள் ஹெப்சிபா, அதில் எது இருந்திருந்தாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருப்பாள். ஒன்றும் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம், அவ்வளவுதான். கொஞ்சம் பயந்த மாதிரிகூட இருந்தது. சொல்லிவிடு என்றது. சீட்டு எழுதினது நான்தான் என்று மூன்று வார்த்தை. கோமு எப்படி இருக்கிறாள் என்று கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. தொண்டை வரைக்கும் வந்தது, உண்மையாகவே வந்தது, நாக்கு அந்த முதல் எழுத்துக்கு வளைந்தும்விட்டது. சிஸ்டர் மறுபடி கண்ணாடியைத் தொட்டார். "அது வந்து சார்" என்றாள் ஹெப்சிபா, "நான் அடிக்கடி இவ சோப்புத்தூள எடுத்துருவேன். கேக்காமலே." மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை இன்னும் பெரிதாக. கிங்ஸ்லி சார் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா! இதான் நாம் என்கிற வீடு! என்னோடது, ஒன்னோடதுன்னு இல்ல. எத்தன பெரிய விஷயத்த எவ்வளவு சின்ன வார்த்தையில சொல்லியிருக்கு இந்தப் பொண்ணு! எல்லாரும் கைதட்டுங்க." கைதட்டினார்கள். சிஸ்டரும் தட்டினார், சிரித்துக்கொண்டே, அட, இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் மறைந்துவிட்டது. மறைந்ததும் ஹெப்சிபாவுக்குச் சந்தோஷம்தான் வந்தது, ஒரு நொடி, அசிங்கமான சந்தோஷம். "ஆமா சார்" என்றாள் இசக்கி, தானும் தட்டிக்கொண்டே. "எடுத்துருவா." பிறகு குனிந்து தன் தாளை எடுத்து, தன் முறை வருமுன்பே, தனக்குள் வாசிக்கத் தொடங்கினாள். பத்தொன்பது வரி இருந்தது அதில். ஒன்று 'நல்ல பண்பு'.

சாப்பாட்டுக்கு முன்னால் வாசல் படியில் போட்டோ. பேனரைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள், அதற்குப் பின்னால் நின்றவர்கள், நடுவில் தலைவி. சார் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வலது, கொஞ்சம் இடது என்று எல்லாரையும் அடுக்கினார். பின்வரிசைக்கு ஏறினவர்களில் இசக்கி இருந்தாள், சரியாக ஹெப்சிபாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். மூச்சு கேட்டது. முதுகு இன்னும் ஈரமாக இருந்தது, தாள் இல்லாமல் என்னவோ போல் இருந்தது. இப்போது சொல்லலாம். திரும்பாமல், உதட்டை அசைக்காமல், இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நான்தான் என்று. சொன்னால் என்ன செய்வாள், மன்னித்துவிடுவாளா? அவளுடைய மன்னிப்பு எனக்கு எதற்கு? வேண்டும். வேண்டும் வேண்டும் என்று உள்ளே ஒன்று அழுதது. போட்டோ முடிந்ததும் சொல்லலாம், சாப்பிடும்போது சொல்லலாம், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பாளே, அப்போது சொல்லலாம். "சிரிங்க எல்லாரும்" என்றார் சார். அப்போது விரல் வந்தது. பேனா இல்லை, மூடி இல்லை, வெறும் விரல், தோள்பட்டைகளுக்கு நடுவில். எழுது இசக்கி, என்ன வேண்டுமானாலும் எழுது, துரோகி என்று எழுது, கள்ளி என்று எழுது, தலையாட்டுகிறேன். விரல் அவசரப்படவில்லை. ச. பிறகு ரி.

விரல் எடுபட்டது. சார் இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னார். சிரித்து முடித்துவிட்டு ஹெப்சிபா திரும்பிப் பார்த்தபோது இசக்கி படியிறங்கிச் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருந்தாள். ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள்.